அஞ்சுவோர் யார்? – திகில் பட முன்னோட்டமும் பார்வையாளர் ஆய்வும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைக் கூறுகிறார். எதனால் அச்சம் பிறக்கிறது என்னும் வினாவிற்கு அது விடை. அச்சுவையையே முதலாகக் கொண்டு திரைப்படம் எடுப்போர்க்கு மற்றொரு வினாவும் உண்டு: அஞ்சுவோர் யார்? வரவிருக்கும் படத்தின் காட்சிகள் சிலவற்றைத் தொகுத்து, இரண்டு நிமிட அளவில் காட்டுவது முன்னோட்டம். அது கதையை வெளியிட்டுவிடாமல் அச்சத்தை எழுப்ப வேண்டும். காண்போரை அரங்கிற்கும் அழைக்க வேண்டும். காண்போரை அறியாமல் இது கைகூடாது. அவர்களை முறையாக அறியும் முயற்சியே பார்வையாளர் ஆய்வு.

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்னும் அமெரிக்கப் படம் இதற்குத் தக்க சான்றாகும். ஓரன் பெலி என்பவர் தம் இல்லத்திலேயே, ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுத்த இப்படம், 2007-இல் திரைப்பட விழாவொன்றில் காட்டப்பட்டது. பின்னர்ப் பொதுமக்கள் சிலரை அழைத்துச் சோதனைக் காட்சி நடத்தப்பெற்றபோது, இடையிலேயே சிலர் எழுந்து வெளியேறினர். படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றே முதலில் கருதப்பட்டது. அச்சம் தாளாமல் வெளியேறினர் என்பது பின்னரே புலனாயிற்று.

மாணவர்கள் ஈண்டு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எழுந்து செல்லுதல் என்னும் செயல் ஒன்றே. அதன் காரணம் சலிப்பாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். வெளியேறியோரை எண்ணுவதோடு நின்றிருந்தால் ஆய்வு பிழைபட்டிருக்கும்.

2009-இல் வெளிவந்த இப்படத்தின் முன்னோட்டம், படக்காட்சிகளோடு, இருளரங்கில் அமர்ந்திருப்போர் அஞ்சி அலறுவதையும் காட்டியது. காண்போரின் அச்சமே பிறரை அழைக்கும் விளம்பரமாயிற்று. படத்தைத் திரையிடுமாறு இணையத்தின் வழி வரும் வேண்டுகோள்கள் 10 இலட்சத்தை எட்டினால் நாடெங்கும் வெளியிடுவதாகப் பாரமவுண்ட் நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவ்வெண்ணிக்கை எட்டப்பட்டது. உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் அப்படம் ஈட்டியது.

இத்தகைய ஆய்வை மாணவரும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். முதற்கண், காண்போரின் அகவையையும், திகில் படம் பார்க்கும் பழக்கம் உண்டா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, முன்னோட்டம் ஓடும்போது எவ்விடத்தில் முகம் திருப்பினர், எவ்விடத்தில் நகைத்தனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். முடிந்தபின் ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவுதல் நன்று. பலர் நடுவே தாம் அஞ்சியதை ஒப்புக்கொள்ளப் பலரும் நாணுவர். எக்காட்சி அச்சுறுத்தியது, கதை முழுதும் தெரிந்துவிட்டதா, படத்தைக் காணும் விருப்பம் எழுந்ததா என்னும் மூன்று வினாக்கள் போதும்.

இறுதியாக ஒன்று. திகில் படத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர் அச்சத்தைத் தாமே விரும்பி ஏற்கிறார். முன்னோட்டமோ வேறு படம் காண வந்தோர் முன்னும் ஓடும்; தாயின் மடியில் இருக்கும் குழந்தையும் அதனைக் காணும். அரங்கில் காட்டும் முன்னோட்டத்திற்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. சட்டம் அவ்வளவில் நிற்கும். ஆய்வாளர் அதற்கு மேலும் செல்லுதல் வேண்டும். அஞ்ச விரும்புவோரை மட்டும் வினவுவது பாதி ஆய்வே. அஞ்ச விரும்பாதோரையும், மறுநாள் குழந்தை உறங்கியதா எனப் பெற்றோரையும் வினவுங்கால்தான் அவ்வாய்வு முழுமை பெறும்.