நேரசூசியும் விளம்பரமும்

இலக்கியம் அல்லாத ஏடுகளிலும் மொழிப்பயிற்சிக்கு இடமுண்டோ என மாணவர் சிலர் வினவுவதுண்டு. உண்டென்பதற்குப் புகையிரத நேரசூசி ஒன்றே போதிய சான்றாகும்.

நம் கரையோர ஊர்களுக்கு இருப்புப்பாதை வந்ததில்லை. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை எட்டிய பாதை அங்கேயே நின்றுவிட்டது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊரவர் வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்று, கல்லடிப் பாலத்தைக் கடந்தே 'கோச்சி' ஏறுதல் வேண்டும். ஆதலின் நாம் நேரசூசியைப் பின்னிருந்து முன்னாகப் படிக்க வேண்டியவராயினோம். வண்டி புறப்படும் நேரத்தினின்று பேருந்துப் பயணத்தையும் வழித் தாமதத்தையும் கழித்தால், வீட்டுப்படி இறங்கும் நேரம் வரும்.

நேரசூசியின் மொழியை நோக்குக. ஊர்ப்பெயரும் எண்ணுமே அங்குள. வினைமுற்று இல்லை, அடைமொழி இல்லை. ஆயினும் ஒவ்வோர் எண்ணும் ஒரு வாக்குறுதியாம். 1839இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் பிராட்ஷோ தம் முதல் நேரசூசி நூலை வெளியிட்டபோது, அந்நாட்டு ஊர்கள் தத்தம் சூரியனைக் கொண்டே மணி கணித்தன. ஓடும் வண்டிக்கு அது ஒவ்வாதாயிற்று. 1840இல் கிரேட் வெஸ்டேர்ண் புகையிரதக் கம்பனி இலண்டன் நேரத்தைத் தன் நிலையங்களுக்கு விதித்தது. சட்டம் அதனை ஏற்றது 1880இலேதான். சொன்ன சொல்லைக் காக்கும் பொருட்டு ஒரு நாடே தன் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டது.

விளம்பரத்தின் மொழி வேறு. அது அடைமொழியால் வாழ்வது. மனத்தை ஈர்ப்பதே அதன் தொழில். நம் நாட்டில் பீ. டி. இரம்பாலா புகையிரதப் பகுதியை நடத்திய காலத்தில், வண்டியின் பெயரே விளம்பரமாயிற்று. 1955இல் மாத்தறைக்கு 'ருகுணு குமாரி', 1956 ஏப்ரலில் பதுளைக்கு 'உடரட்ட மெனிக்கே', வடக்கே 'யாழ்தேவி' என விரைவு வண்டிகள் ஓடின. நம் மட்டக்களப்பு வண்டிக்கு 'உதயதேவி' என்னும் பெயர் வாய்த்தது. ஞாயிறு உதிக்கும் கீழ்த்திசைக்கு இதனினும் பொருத்தமான பெயர் எது? நால்வரும் பெண்கள், ஒவ்வொருவரும் ஒரு நிலத்தின் மகள்.

யாழ்தேவி புறப்பட்ட அதே 1956இல், ஜூன் மாதத்தில், தனிச்சிங்களச் சட்டமும் நிறைவேறியது என்பதை மாணவர் மறத்தலாகாது. 1990இல் போர் காரணமாக வடக்குப் பாதை வவுனியாவோடு நின்றது. யாழ்ப்பாணம் செல்லாத வண்டி யாழ்தேவி என்றே அழைக்கப்பட்டது. விளம்பரம் எஞ்சியது, நேரசூசி இறந்தது. 2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் அடைந்தபோதுதான் பெயரும் பொருளும் ஒன்றுகூடின.

இப்பாடத்தால் நாம் பெறும் பயன் யாது? அழகிய பெயர் சூட்டுதல் எளிது. அப்பெயருக்குரிய நேரத்தைக் காத்தலே அரிது. தனி மனிதருக்கும் கல்லூரிக்கும் அரசுக்கும் இது பொருந்தும்.

பயிற்சி: (1) உமது ஊரிலிருந்து மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தை அடைதற்குரிய பயண ஒழுங்கை, அடைமொழி ஒன்றேனும் இன்றி எழுதுக. (2) அப்பயணத்தையே விளம்பரமாக ஐந்து வாக்கியங்களில் எழுதுக. (3) இரண்டாவதில் உள்ளவற்றுள் உம்மால் காக்கக்கூடிய வாக்குறுதிகளை மட்டும் கோடிட்டுக் காட்டுக.