பேசாத சிறுமியும் நிறையப் பேசும் சிறுவனும்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளி, இரண்டாம் வகுப்பு. பேச்சில் பின்தங்கியுள்ள குழந்தைகளின் பெயர்களை வட்டார வள மையத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரே ஒரு பெயரை எழுதினேன். எது கேட்டாலும் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும் சிறுமி அவள். பின்வரிசையில் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்த சிறுவனின் பெயர் என் நினைவுக்கே வரவில்லை. எழுதியதும் தவறு, எழுதாமல் விட்டதும் தவறு என்று தெரிய இரண்டு மாதம் ஆனது.

ஒரு நாள் மதிய உணவு வேளையில் அந்தச் சிறுமி தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நேத்து மழ வந்துச்சுல்ல, எங்கப்பா வாரி வச்ச உப்பு கரைஞ்சிடும்னு அம்மா ஓடிப்போயி தார்ப்பாய் போட்டுச்சு." பெயரெச்சம், வினையெச்சம், 'என்று' சேர்ந்த உள்வாக்கியம், இறந்தகாலம் எல்லாம் ஒரே மூச்சில் அதில் இருந்தன. என்னிடம் பேச அவளுக்குக் கூச்சம். அவளுடைய மொழியில் குறையில்லை.

சிறுவன் அதே உப்பளத்தைப் பற்றி இப்படிச் சொன்னான்: "வண்டி, பெரிய வண்டி. அப்பா உப்பு போடு. வண்டி போ. நான் வண்டி ஏறு." கையும் முகமும் சேர்ந்து பேசியதால் எல்லாம் புரிந்தது. அதுதான் சிக்கலே. உப்பளத்தை நன்கு அறிந்த நாம், அவன் விட்ட இடங்களை நாமாகவே நிரப்பிக்கொண்டு கேட்கிறோம்.

தமிழ் வாக்கியத்தின் இலக்கணம் பெரும்பாலும் சொற்களின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. 'பாத்தியில தண்ணி விட்டாங்க' என்பது மூன்றே சொற்கள். பிரித்தால் பாத்தி, இல், தண்ணி, விடு, இறந்தகாலம், ஆங்க என்று ஆறு உறுப்புகள். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு தனிச்சொற்கள் வேண்டும். எனவே "எத்தனை சொல் பேசுகிறான்?" என்று எண்ணினால் இந்தச் சிறுவன் தேறிவிடுவான். எத்தனை உறுப்புகள் என்று எண்ணினால்தான் உண்மை தெரியும்.

இவ்வாறு எண்ணும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன். மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்ந்து 1973இல் நூலாக வெளியிட்டார். ஒரு கூற்றில் சராசரியாக எத்தனை உறுப்புகள் உள்ளன என்பது, ஆரம்பகால மொழி வளர்ச்சியை வயதைவிட நன்றாகக் காட்டுகிறது என்பது அவர் கண்டது. பேச்சு மொழிப் பயிற்சியாளர்கள் இன்றும் இந்தச் சராசரியைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அவருடைய பட்டியலில் உள்ள 14 ஆங்கில உறுப்புகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன்வரும் சுட்டுச்சொல் நமக்கு இல்லை. 'அவரு வாத்தியாரு' என்பதில் வினையே தேவையில்லை. பன்மைகூட அப்படித்தான்: 'ரெண்டு மாடு' என்று பெரியவர்களே சொல்லும்போது, குழந்தை 'மாடுகள்' என்று சொல்லவில்லை எனக் குறை எழுதுவது அபத்தம்.

தமிழுக்கென்று ஒரு செய்தி உண்டு. பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ் பேசும் மழலைகள் வினையின் கால உறுப்பையும் விகுதியையும் இளம் வயதிலேயே, மிகக் குறைந்த பிழைகளுடன் பயன்படுத்துவதைக் காட்டினார்கள். துருக்கி மொழிக் குழந்தைகளிடமும் இதுவே காணப்பட்டது. ஆகவே இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை 'போனான், போறான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'போ' என்று நிறுத்தினால், "சின்னப் பிள்ளைதானே, வந்துவிடும்" என்று விட்டுவிடக் கூடாது.

பேச்சு மாதிரி எடுப்பதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். பெற்றோரின் அனுமதியோடு கைப்பேசியில் பதினைந்து நிமிடம் பதிவு செய்து, ஐம்பது கூற்றுகளைக் குழந்தை சொன்னபடியே எழுதிக்கொண்டால் போதும். சொன்னபடியே என்பது முக்கியம்; நம் கை தானாகவே திருத்தி எழுதிவிடும். 'தெரியாது', 'வேணாம்' போன்றவற்றை ஒரே உறுப்பாகக் கொள்ளலாம். பாட்டையும் மனப்பாடத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் 'சிங்கம்', 'யானை' என்று பெயர்தான் வரும், வாக்கியம் வராது. "உப்பு எப்படி எடுக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது, நீ சொல்லு" என்று கேளுங்கள். மீனவர் குடும்பத்துக் குழந்தை என்றால் வலையைப் பற்றிக் கேட்கலாம். தனக்குத் தெரிந்து ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று கிடைத்தால், கூச்சமுள்ள குழந்தையும் வாயைத் திறக்கும்.

எழுதியதில் தேட வேண்டியவற்றை நாம் இலக்கண வகுப்பிலேயே படித்திருக்கிறோம். வேற்றுமை உருபு வருகிறதா, வினை முற்றுப் பெறுகிறதா என்பதை முதலில் பார்க்கலாம். பிறகு எச்சங்கள், 'வந்தா' போன்ற நிபந்தனை, 'இல்ல', 'மாட்டேன்', 'கூடாது' ஆகிய எதிர்மறைகள். சிறுவனின் ஐம்பது கூற்றுகளில் எச்சமே இல்லை. உருபு என்று சொல்ல 'எனக்கு' ஒன்றுதான் இருந்தது.

மனப்பாடமா, விதி தெரிந்து பேசுகிறதா என்று அறிய ஒரு விளையாட்டு உண்டு. ஜீன் பெர்க்கோ 1958இல் ஆங்கிலக் குழந்தைகளிடம் பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பன்மை சொல்ல வைத்தார். நமக்குப் பன்மை உதவாது என்பதால் நான் இடப்பொருளை எடுத்துக்கொண்டேன். ஒரு விசித்திரப் பெட்டியை வரைந்து, "இது டோணம். பூனை எங்க இருக்கு?" என்று கேட்டேன். சிறுமி 'டோணத்துல' என்றாள். அந்தச் சொல்லை அவள் அதற்குமுன் கேட்டதே இல்லை; 'மரம், மரத்துல' என்ற விதி அவளுக்குள் இருக்கிறது. சிறுவன் 'டோணம்' என்று சொல்லி விரலால் காட்டினான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுமியின் 'அம்மா போட்டுச்சு' என்பதற்கு நம் சிவப்பு மை 'திணை வழு' என்று எழுதத் துடிக்கும். அது அவள் வீட்டு வழக்கு. நம் பக்கத்தில் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். 'போய்கினு', 'எனுக்கு' என்பவையும் வழக்குதான். அளவுகோல் பாடநூல் தமிழ் அன்று, அந்தக் குழந்தையைச் சுற்றியுள்ளோர் பேசும் தமிழ். உறுதிசெய்ய எளிய வழி, அதே வீட்டின் இன்னொரு குழந்தையைக் கேட்பது. சிறுவனின் தங்கை அங்கன்வாடிக்குப் போகிறாள். அவள் "வண்டியில உப்பு போட்டாங்க" என்றாள். எனக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

ஆசிரியர் செய்வது நோயறிதல் அன்று; அடையாளம் கண்டு, சான்றோடு அனுப்பி வைப்பது மட்டுமே. முதலில் செவித்திறன் பரிசோதனை. சிறுவனுக்கு அடிக்கடி காதில் சீழ் வடிந்ததை அவன் அம்மா நான் கேட்ட பிறகுதான் சொன்னார். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் கவனிக்கும் நிலைகளில் செவித்திறன் குறைபாடும் மொழி வளர்ச்சித் தாமதமும் உண்டு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். மேல் மதிப்பீடு வேண்டுமானால், நம் ஊர் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது.

பெற்றோருக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி. விடியுமுன் பாத்திக்குப் போகிறவர்களைச் சும்மா வரச் சொல்லக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் உப்பு வேலை நின்றிருக்கும் மாதங்களில் அவர்களோடு உட்கார்ந்து பேச முடிகிறது. அப்போதும் "உங்க பையன் சரியா பேசல" என்று சொல்லாமல், ஐம்பது கூற்றுகள் எழுதிய தாளைப் படித்துக் காட்டினேன். "இவன் இப்படித்தான் பேசுவான், நாங்கதான் புரிஞ்சுக்குவோம்" என்றார் அவன் அம்மா.

வகுப்பில் நான் செய்தது ஒன்றுதான். அவன் 'வண்டி போ' என்றால், "ஆமா, வண்டி போயிடுச்சு" என்று முழுதாகத் திருப்பிச் சொல்வேன்; அவனைத் திரும்பச் சொல்லும்படி வற்புறுத்த மாட்டேன். காதுக்குச் சிகிச்சையும் வாரம் ஒருமுறை பயிற்சியும் தொடங்கி மூன்று மாதம் கழித்து மறுபடி ஐம்பது கூற்றுகள் எடுத்தேன். 'வண்டியில', 'வீட்டுல' வந்துவிட்டன. 'போச்சு', 'வந்துச்சு' வந்துள்ளன. 'போட்டாங்க' இன்னும் வரவில்லை. எச்சம் ஒன்றும் இல்லை. இரண்டு தாள்களிலும் தேதியிட்டு அவனுடைய பயிற்சியாளருக்குக் கொடுத்தனுப்பினேன். சிறுமியின் பெயரை வட்டார வள மையப் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்டு எழுதிய கடிதமும் அதே நாளில் போனது.