பார்த்தேன் வேறு, சொன்னாங்க வேறு

பேசத் தெரிந்தால் மட்டும் போதுமா? பொறுப்பாகப் பேசத் தெரிய வேண்டாமா?

நம் மலையடிவாரத்தில், போளூர் பக்கம் அத்திமூரில் 2018 மே மாதம் நடந்தது இது. குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. குழந்தைகளைப் பார்த்ததும் ஒரு பாட்டி சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான்! "பிள்ளை பிடிக்கிறவங்க" என்று பேச்சு பரவியது. கூட்டம் கூடி அடித்ததில் அந்தப் பாட்டி இறந்தே போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம்.

காரணம்? அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி. அனுப்பியவர்களில் பலர் நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். நாட்டில் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, 2018 ஜூலையில், வந்த செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம்ம வாய்க்கு யார் கட்டுப்பாடு வைப்பது? நாமதான்!

ஒரு சேதி வந்தால், அடுத்தவரிடம் சொல்லும் முன் கேளுங்கள்:

1. நேரில் பார்த்தவர் யார்?
2. எங்கே, எப்போது நடந்தது?
3. இது பொய்யானால் யாருக்கு என்ன ஆகும்?

பதில் தெரியலையா? அதோடு நிறுத்திடுங்க. நிஜமாவே சந்தேகம் வந்தால் பெரியவங்ககிட்ட, டீச்சர்கிட்ட சொல்லுங்க. 100க்குப் போன் பண்ணலாம். அப்போதும் இடம், நேரம், வண்டி நம்பர், கண்ணால் பார்த்தது, இவ்வளவு மட்டும் சொல்லுங்க. "சொன்னாங்க" என்பதை "பார்த்தேன்" என்று மாற்றாதீங்க. அந்த ஒரு சொல்லில் ஓர் உயிர் இருக்கலாம்.