ஊர் மன்றத்தில் மனை வழக்கு

மனை என்னும் சொல் தமிழில் வெற்று நிலத்தையும் குறிக்கும். அந்நிலத்தில் எழுந்த வீட்டையும் குறிக்கும். அவ்வீட்டை ஆளும் இல்லாளையும் குறிக்கும். இம் மூன்றனையும் ஒரு சொல்லுள் அடக்கிய நம் முன்னோர், நிலம் ஒருவர் பெயரிலும் அதன்மேல் குடிசை வேறொருவர் பெயரிலும் நிற்கும் இக்கால நிலையைக் கண்டால் வியப்பர். பேரூராட்சி மன்றங்களில் வீடு பற்றி உறுப்பினர் எழுப்பும் முறையீடுகள் பல இந்நிலையிலிருந்தே பிறக்கின்றன. அம்முறையீடு மன்றத்தில் என்ன ஆகின்றது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாசரேத்தில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. 1799ஆம் ஆண்டில், துன்புறுத்தப்பட்டு உறைவிடமிழந்த கிறிஸ்தவர்களுக்கென டேவிட் சுந்தரானந்தம் முயற்சியால் நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு முதலூர். அவ்வழியிலே பின்னர் எழுந்த ஊர்களுள் நாசரேத்தும் ஒன்று. வீடற்றோர் வழக்கே நம் ஊர்களின் முதல் வழக்கு என்னலாம். அன்று அதனைக் கேட்டவர் மிஷனரிமார். இன்று கேட்க வேண்டியது பேரூராட்சி மன்றம்.

மன்றத்தின் அதிகாரம் யாது? 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள் இரண்டு அட்டவணைகளைத் தந்தன. ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையின் பத்தாம் இனம் ஊரக வீட்டுவசதி. நகர அமைப்புகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையின் பத்தாம் இனமோ குடிசைப்பகுதி மேம்பாடு. வீட்டுவசதி என்னும் சொல் அங்கே தனியினமாக இல்லை. ஒரு சொல்லின் வேறுபாடுதானே என்று நகைப்பார் நகைக்க. அவ்வேறுபாடு தெருவிலே தெரிகின்றது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம், ஊரகக் குடிசைவாசிக்கு வீடொன்றிற்கு 3,50,000 ரூபாய் வகுத்தது. எல்லைக்கல்லுக்கு இப்பால் பேரூராட்சியில் அதே பனையோலைக் கூரையின்கீழ் வாழ்பவர்க்கு அஃது இல்லை. அவர்க்குரியதாய் அமைந்தது 2015இல் தொடங்கிய பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டுத் திட்டம். அதன்படி தாமே வீடு கட்டிக்கொள்வார்க்கு மத்திய அரசு 1,50,000 ரூபாய் அளித்தது. மாநில அரசும் தன் பங்கைச் சேர்த்தது. ஆயின் கட்டுவோர்க்குச் சொந்த மனை இருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனையைக் காணுந்தோறும் உத்தரமேரூர்க் கல்வெட்டு நம் நினைவுக்கு வருகின்றது. முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்திற்குப் பெயர் எழுதப்பெறுபவன் வரி செலுத்தும் கால்வேலி நிலம் உடையவனாய், தன் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாய் இருத்தல் வேண்டும் என்று அவை விதித்தன. வீடற்றவன் அன்று மன்றத்துள் புகான். இன்று இருபத்தொரு வயது நிரம்பிய வாக்காளர் எவரும் உறுப்பினராகலாம். இது பெரும் பேறு. எனினும் மனையுடையானுக்கே என்னும் பழைய விதி மன்ற வாயிலை விட்டு நீங்கி, உதவித் திட்டத்தின் வாயிலில் வந்து நின்றுகொண்டது.

சொந்த மனை என்பதற்குச் சான்று பட்டா. அதை அளிப்பது வருவாய்த் துறை, வட்டாட்சியர் அலுவலகம். நகர்ப்புறத் திட்டத்தை நடத்துவது, 1970இல் குடிசை மாற்று வாரியமாய்த் தோன்றி 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பேரூராட்சிக்குரியவை கட்டட அனுமதி, வீட்டுவரி, குடிநீர், வடிகால், விளக்கு ஆகியன. ஆகவே, "எம் வார்டு மக்களுக்கு வீடு வேண்டும்" என்று உறுப்பினர் எழுந்து கூறுங்கால், கேட்கும் மன்றத்தின் கையில் பட்டாவும் இல்லை, வீடும் இல்லை. அந்நிலையில் அலுவலர் நாவில் எழும் விடை பெரும்பாலும் ஒன்றே: "ஆவன செய்யப்படும்."

தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் இத்தொடரைச் சற்றே நிறுத்தி நோக்குவோம். வினையானது செய்பவனையும், செயலையும், செயப்படும் பொருளையும், அதன் கருவி, இடம், காலம் ஆகியவற்றையும் உணர்த்தும் என்பது நன்னூலார் துணிபு. இவ்விடையில் செய்பவர் மறைந்தார். பொருள் "ஆவன" என்னும் பொதுச்சொல்லுள் ஒளிந்தது. காலம் எதிர்காலந்தான், எந்நாள் என்பது இல்லை. இலக்கணப் பிழை யாதும் இல்லாத வாக்கியம் இது. அதனாலேயே எவரும் இதனைக் குற்றஞ்சாட்டல் அரிது!

இவ்வாறும் நிகழ வேண்டுவதில்லை. வீடு கொடுக்க இயலாத மன்றத்திற்கும் எழுத இயலும். உறுப்பினர் தம் வார்டில் மனையே இல்லாதவரையும், மனையிருந்தும் பட்டா இல்லாதவரையும், பட்டா இருந்தும் கூரை சிதைந்தவரையும் தனித்தனியே எண்ணிக் கொணரலாம். முன்னிருவர் நிலை வட்டாட்சியர்க்குரியது. மூன்றாமவர் நிலை வாரியத்திற்குரியது. மூன்றனையும் ஒரே தீர்மானத்தில் குவித்தால் அஃது எந்த அலுவலகத்திற்கும் சேராது. புல எண்ணோடும் நாளோடும் பிரித்து எழுதிய தீர்மானம், இன்னார் மறுமொழி தருதல் வேண்டும் என்று கேட்க வல்லது. அம்மறுமொழியை அடுத்த கூட்டத்தில் படிக்குமாறு கேட்பதும் உறுப்பினர் கடமையே. பலர் இதனை மறந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

எழுத்தை நாம் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடந்து, மார்ச்சு 2இல் புதியோர் பதவியேற்கும்வரை, ஐந்தாண்டுக்கு மேலாக உறுப்பினரே இலர். தனி அலுவலரே ஆண்டனர். முன்னிருந்தோர் வாய்மொழியாய்ப் பெற்ற வாக்குறுதிகளை அக்காலத்தில் எடுத்துரைப்பார் யார்? அடுத்த ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் நம் மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர். மண்சுவர் வீடுகள் கரைந்தன. இடிந்த சுவரைக் காட்டுதல் எவர்க்கும் எளிது. அச்சுவர் மழைக்கு முன்னரே பழுதுற்றிருந்தது என்று முறையிட்டதைக் காட்ட, மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பெயரும் புல எண்ணும் நாளும் கொண்ட ஒரு வரி இருந்திருத்தல் வேண்டும்.