நமதூரும் மூன்று ஆபத்துகளும்

வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது நமது பரங்கிப்பேட்டை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 கடலூர் மாவட்ட மழைவெள்ளம் ஆகிய மூன்றையும் நாம் கண்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தற்காப்பு வேறு.

புயலில் உறுதியான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். காற்று திடீரென ஓய்ந்தாலும் வெளியே வரக் கூடாது. புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும்.

கடல் கொந்தளிக்கும்போது ஆற்றுநீர் எளிதில் வடியாது. மேற்கே பெய்த மழையும் வந்து சேரும். எனவே, இங்கே மழை நின்ற பிறகும் வெள்ளம் ஏறலாம்.

சுனாமிக்குப் பருவம் கிடையாது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ பொங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுப்பகுதிக்கு ஓட வேண்டும்.

ஓட இயலாத முதியோரையும் நோயாளிகளையும் யார் அழைத்துச் செல்வது? ஐப்பசி மழைக்கு முன்பே தெருவாரியாகப் பேசி முடிவுசெய்வோம்.