எந்த ரெசின், எந்த அச்சு?

அன்புள்ள யாழினி,

பேனா கடைவதற்கான கட்டையை வார்க்க எந்த ரெசின் நல்லது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். எந்த அச்சில் ஊற்றப்போகிறாய் என்று எழுதவில்லை. ரெசினையும் அச்சையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நான் பாழாக்கிய கட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இரண்டையும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.

உனக்கு வேண்டியது சின்னக் கட்டை: 19 மில்லிமீட்டர் சதுரம், 125 மில்லிமீட்டர் நீளம். 45 மில்லி ரெசின் போதும்.

மலிவானது பாலியெஸ்டர். ஃபைபர் கிளாஸ் சாமான் விற்கும் கடைகளில் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று மூன்றாகத் தருவார்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேரவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் அளக்காதே. கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைத்தால் அதையே வாங்கு. கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம் போதும், கூடினால் சூடேறி உள்ளே விரிசல் விடும். இந்த ரெசினிலுள்ள ஸ்டைரீனின் நெடி தலையைச் சுற்றவைக்கும் என்பதால் மொட்டை மாடியில்தான் வேலை. துணிக் கவசம் அந்த நெடியைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன் உண்டு. மெருகேற்றினால் பாலியெஸ்டர் கண்ணாடியாக மின்னும். ஆனால் குணமும் கண்ணாடிதான், உளி கொஞ்சம் மழுங்கியிருந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

எபாக்ஸி அவ்வளவு முரண்டு பிடிக்காது. ஆனால் அளவில் கறார். பாலியெஸ்டருக்கு ஊற்றும் கேட்டலிஸ்ட் வேலையைத் தூண்டிவிடும் பொருள். எபாக்ஸியின் ஹார்ட்னரோ கட்டையின் உடம்பிலேயே சேர்ந்துவிடுவது. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் கட்டை என்றைக்கும் ரப்பராகவே கிடக்கும். புட்டியில் 2:1 என்று போட்டிருந்தால் அது எடையா, கன அளவா என்று படித்துப் பார். நெடி குறைவு என்று வெறும் கையால் தொடாதே. தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாமல் ஆகலாம்.

பாலியூரித்தேன் சில நிமிடங்களில் இறுகும், கடைவதற்கும் அருமை. ஆனால் ஈரம் பட்டால் கரியமில வாயுவை விட்டு நுரைத்துவிடும். நம் கடற்கரைக் காற்றில், சரியாகக் காயாத மரத்துண்டோடு சேர்த்து வார்த்துப் பார்த்தேன், பஞ்சு மாதிரி வந்தது. அதற்கு அழுத்தக் கலன் வேண்டும். 60 பிஎஸ்ஐ காற்றை ஏற்றினால் குமிழி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். குக்கரை வைத்துச் செய்யலாமே என்று உனக்குத் தோன்றும். கூடவே கூடாது. குக்கர் தாங்கும்படி செய்யப்பட்டது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ.

இனி அச்சு. காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை அறுத்துத் திருகாணி போட்டுப் பெட்டியாக்கினால் அருமையான அச்சு. அந்தப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி ஒட்டாது, திருகாணியைக் கழற்றினால் கட்டை வந்துவிடும். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கித் தானாகவே சுவரை விட்டு விலகும். மேல்பக்கம் மட்டும் பிசுபிசுக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை, கடைசலில் போய்விடும்.

சிலிகான் அச்சு வளையும், கட்டையை உரித்து எடுக்கலாம். ஆனால் பாலியெஸ்டரின் ஸ்டைரீன் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். சிலிகானை நீயே வார்த்தால் அதற்குள் குமிழி தங்காமல் பார்த்துக்கொள். அழுத்தக் கலனில் அந்தக் குமிழி அமுங்க, அங்கே ரெசின் புகுந்து கட்டையில் பரு பருவாகத் தெரியும்.

எனக்கு நிரம்பப் பிடித்த பாடம் ஒன்று. திருவள்ளூரில் எபோனைட் தண்டைக் கடைந்து பேனா செய்வார்கள் இல்லையா, அப்படி ஒரு தண்டை மாதிரியாக நிறுத்திப் பிளாட்டினம் வகை சிலிகானை ஊற்றினேன். தண்டைச் சுற்றி மட்டும் சிலிகான் இறுகவே இல்லை. எபோனைட் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். அந்தக் கந்தகம் பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மாதிரிக்கு அக்ரிலிக் தண்டு வைத்ததும் சரியானது.

நீ எபாக்ஸியும் பலகை அச்சுமாகத் தொடங்கு. மெல்லிய தாரையாக ஊற்று. மறுநாளே எடுத்துக் கடையத் துடிப்பாய். மூன்று நாள் பொறு, நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. துளையிடும்போது சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை டிரில்லை வெளியே இழுத்துத் தூளைத் தட்டு. சூடேறினால் எபாக்ஸி இளகித் துளை கோணிவிடும்.

லீவுக்கு வரும்போது முதல் கட்டையைக் கொண்டு வா. உளியை நான் தீட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா