பேட்மின்டன் குதிரைப் போட்டி: ஒரே நாளில் பார்த்து வர

ஷட்டில்காக் ஆட்டத்துக்குப் பெயர் தந்த பேட்மின்டன் மாளிகை இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் இருக்கிறது. 1949இல் அங்கே தொடங்கிய குதிரைப் போட்டி மே மாதத்தில் நடக்கிறது. ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள்: டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் கிராஸ் கன்ட்ரி நடக்கும் சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

டிக்கெட்டையும் கார் நிறுத்தச் சீட்டையும் முன்பே வாங்கிவிடுங்கள். ரயிலில் வந்தால் சிப்பன்ஹாமில் இறங்கி டாக்சி பிடிக்கலாம். மழைக்கோட்டும் சேறு தாங்கும் பூட்ஸும் கட்டாயம். மே மாத வெயிலை நம்பவே கூடாது.

உள்ளே போனதும் தடப் படம் உள்ள நிகழ்ச்சிப் புத்தகத்தை வாங்குங்கள். தடம் சுமார் 6.5 கிலோமீட்டர்; குதிரை அதைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடும். எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் எதுவும் மிஞ்சாது. மூன்று நான்கு தடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சில குதிரைகளையாவது பாருங்கள். கூட்டமெல்லாம் குதிரைகள் தண்ணீரில் குதிக்கும் ஏரிக்கரையில்தான் குவியும். அங்கே இடம் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள், பிறகு முதுகுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கே நின்றாலும் தாண்டலை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய நாலைந்து எட்டுகளில்தான் வித்தை இருக்கிறது. பாய்ந்து வரும் குதிரையை வீரர் நிமிர்ந்து உட்கார்ந்து அடக்கி, எட்டைச் சுருக்குவார். குதிரையின் காதுகள் முன்னோக்கி நிமிர்ந்தால் தடையைப் பார்த்துவிட்டது என்று பொருள். தண்ணீரில் தாண்டுவது இன்னும் கடினம்: ஆழம் தெரியாத இடத்தில் வீரரை நம்பித்தான் அது குதிக்க வேண்டும். வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளை; இரண்டுக்கும் நடுவேதான் தாண்ட வேண்டும். குதிரை மறுத்தால் 20 தண்டப் புள்ளி, வீரர் விழுந்தால் போட்டியிலிருந்தே வெளியே. நேரம் தாண்டினால் நொடிக்கு 0.4. குறைந்த புள்ளிக்காரரே வெற்றியாளர்.

விசில் கேட்டால் குதிரை வருகிறது; உடனே தடத்தைவிட்டு விலகுங்கள். கயிறு திறந்திருக்கும் இடத்தில் மட்டும், ஊழியர் சொன்ன பிறகு கடக்கவும். குடும்பத்தோடு நாயையும் கூட்டி வருவது அந்த ஊர் வழக்கம். வார் இல்லாத நாய் மட்டும் கூடவே கூடாது.

மதியத்துக்குப் பிறகும் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு குதிரைகளோடு வருபவர் காலையில் ஒன்றையும் கடைசியில் மற்றதையும் ஓட்டுவார். தடத்தின் பாடத்தைப் படித்த கையோடு அவர் திரும்ப வருவதைப் பார்க்க வேண்டும்.

மாலைப் பட்டியலில் முதலில் இருப்பவர் வென்றுவிட்டதாக எண்ணாதீர்கள். ஞாயிறு ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்தாலே 4 தண்டப் புள்ளி சேரும்.